ஒன்பதாம் கிணற்றின் பேஸ் பெட்டி

ஒன்பதாம் கிணறு
9 பிப்ரவரி 1989

மருமகன் நெவிலுக்கு உன் மாமன் க்ளாரி எழுதுகிறேன். நான் நல்ல சுகம். கிளினிக் நர்ஸ் மட்டும் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்கிறாள். ஏறாமல் என்ன செய்யும், இந்தப் பாலைவனத்தில் என்னைவிட இனிப்பான ஆண்பிள்ளை யார் இருக்கிறான் என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கிளினிக் கூரையில் இரண்டு தகரம் கழன்று விழுந்தது. நீ எப்படி இருக்கிறாய்? சிறைச் சோறு உடம்பில் ஒட்டுகிறதா? டார்வின் பக்கம் மழை கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். தலையை நனைக்காதே.

செய்தி என்னவென்றால், நான் பேஸ் கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்யப்போகிறேன். சிரிக்காதே. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். மற்றவர்கள் ஒருமுறையோடு விட்டுவிட்டார்கள். ஆலிஸ் நகரத்தில் ஒரு பாட்டுக்காரனிடம் என் துப்பாக்கியைக் கொடுத்துப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டேன். அதன் காந்தம் லேசுப்பட்டதல்ல. வரும் வழியில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எங்கள் லாரியில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தன.

பழைய பெட்டி போனது உனக்குத் தெரியும். செத்தவனுடைய சட்டை, போர்வை, படுக்கையோடு அதையும் சேர்த்து எரித்தோம். அந்த நாளிலிருந்து பாண்டு ஊமை. நம் வழக்கப்படி அவன் பேரையும் மூடிவிட்டோம், யாரும் வாயால் சொல்வதில்லை. கடையில் மாவு நிறுப்பவனுக்கும் அதே பேர்தானே, அவனை இப்போது எல்லோரும் குமஞ்சாய் என்கிறோம், பேரில்லாதவன். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். இப்போது பழகிவிட்டது.

மேவிஸின் கடைசி மகன் டெனிஸுக்குச் செத்துப்போன அண்ணனைப் போலவே விரல். கிட்டார் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. பெட்டிதான் இல்லை. நான் பெட்டியைச் செய்து கிழக்கு முகாமில் மேவிஸ் முற்றத்தில் கொண்டுபோய் வைப்பேன். அவள் வாங்கிக்கொண்டால் மூத்தவன் வாரன் இறங்கி வருவான். வாரன் இறங்கினால் நீ ஊருக்குள் வரலாம். அதற்காகத்தான் பெட்டி. மற்றபடி எனக்கு அந்தச் சத்தம் தலைவலி.

உன் தச்சுப் பட்டறையில் யாருக்காவது அளவு தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் கண்ணளவில் முடிப்பேன்.

பல்லைத் தேய். சண்டைக்குப் போகாதே. என் அக்கா இருந்திருந்தால் சொல்லக்கூடிய மற்றதையும் நீயே நினைத்துக்கொள்.

க்ளாரி மாமன்


டார்வின்
2 மார்ச் 1989

அன்புள்ள மாமாவுக்கு நெவில். நான் நலம். உங்கள் சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தால் வாங்கி விழுங்குங்கள், நர்ஸிடம் பேசிக்கொண்டே நிற்காதீர்கள்.

பட்டறை மேஸ்திரி ஒரு காலத்தில் பாண்டில் இருந்தவராம். அவர் போட்டுத் தந்த அளவு இது. உயரம் முப்பது அங்குலம், அகலம் இருபத்து நாலு, ஆழம் பதினெட்டு. முக்கால் அங்குல ஒட்டுப்பலகை. ஸ்பீக்கர் உட்காரும் முன்பலகை மட்டும் இரட்டை. நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. ஆணி கூடாது மாமா, ஆணி நாளடைவில் அதிர்ந்து கழன்றுவிடும். பசை தடவி ஸ்க்ரூ முடுக்குங்கள். முன்னால் ஒரு குழாய் வைக்க வேண்டும், பெட்டி மூச்சுவிட. மற்ற எந்த இடுக்கிலும் காற்று கசியக் கூடாது. கசிந்தால் அடித்தொண்டைச் சத்தம் வராது, இருமல்தான் வரும்.

நவம்பரில் எனக்கு இரண்டு வருடம் முடிகிறது. விடுதலைக் குழு கூடும். என் விவகாரத்தைப் பார்க்கும் ஆபீசர் அம்மா நல்ல மாதிரி. செத்தவன் குடும்பத்தார் உன்னை ஊருக்குள் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்கிறாள். தராவிட்டால் டார்வினிலேயே விடுவார்களாம், ஒன்பதாம் கிணற்றுக்கு முந்நூறு கிலோமீட்டர் பக்கம்கூடப் போகக் கூடாதாம். மாமா, இங்கே கடல் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மேவிஸ் அத்தை என்ன சொன்னார்கள்? வாரன்? உள்ளதை எழுதுங்கள்.

நெவில்


ஒன்பதாம் கிணறு
4 ஏப்ரல் 1989

மருமகனே, உன் கடிதம் கண்டேன், உடம்பு வாகாக இருப்பதாக எழுதியிருந்தாய், எனக்குப் பாதி நோய் போனது. மீதிப் பாதியை மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

உன் மேஸ்திரி தந்த அளவில் கோழிக் கூடுதான் செய்யலாம். நான் எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூட்டிவிட்டேன். கன்றுக்குட்டி படுக்கும். பலகை, பள்ளிக்கூடத்துக்குக் குளிர்பெட்டி வந்த மரக்கூடு. அதை எனக்குக் கொடுக்க ஹெட்மாஸ்டர் என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மூச்சுக்குழாய்க்குப் பழைய கிணற்றுக் குழாயில் ஒரு முழம் அறுத்தேன். ஆணி ஒன்றுகூட இல்லை, உன் மேல் சத்தியம். இடுக்கு அடைக்க நீ சொன்ன கடைப் பசை கூடாது, வெயிலில் பாலாக ஓடும். முள்புல்லைத் தட்டி, பொடியைச் சலித்து, நெருப்பில் உருக்கிய அரக்கு வைத்தேன். ஈட்டித் தலையை நாம் எதில் ஒட்டுகிறோமோ அதே அரக்கு. எங்கும் கசியாது. உள்ளே அடைக்க மிஷன் போர்வை இரண்டு.

மேவிஸ் மிக அன்பாக இருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவள் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"மேவிஸ், இது உன் வீட்டு முத்தத்துக்குத்தான் வருது," என்றேன்.

"என் முத்தத்துல குப்பைக்கு ஒண்ணும் பஞ்சமில்ல," என்றாள். அவள் பேச்சே அப்படி, உனக்குத் தெரியாதா. போகும்போது மெல்லச் சிரித்தாள் என்று நினைக்கிறேன், முதுகுப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது.

வாரனும் வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெட்டி பெருசுதான் க்ளாரி," என்றான். "நல்லா முடுக்குங்க. உங்க நெவில் வந்தா ஒளிஞ்சுக்க ஒரு எடம் வேணும்ல."

பார், எவ்வளவு தமாஷான ஆள். நானும் அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவன் சத்தமில்லாமல் சிரிக்கிற வகை. எல்லாம் பழம் கனிகிற மாதிரி கனிந்து வருகிறது. நீ கவலையை விடு.

கடல் பக்கம் போகாதே. முதுகைக் காட்டி உட்கார்.

மாமன்


டார்வின்
1 மே 1989

அன்புள்ள மாமாவுக்கு. நலம்தான். போன வாரம் காய்ச்சல் வந்து போனது.

வாரன் சொன்னதை நீங்கள் தமாஷ் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஏழெட்டு முறை படித்தேன். அது தமாஷ் இல்லை மாமா.

ஆபீசர் அம்மாவிடம் சொன்னேன். நீயே அந்தத் தாய்க்கு ஒரு கடிதம் எழுது என்றாள். சுற்றி வளைக்காமல், யாரை, எப்படி, எல்லாவற்றையும் நேருக்கு நேர் எழுத வேண்டுமாம். குழு அதைத்தான் பார்க்குமாம். நாலு தாளைக் கிழித்த பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், அப்புறம்தான் வந்தது. அந்தத் தாளை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அத்தையிடம் சேர்த்துவிடுங்கள்.

நெவில்

[உள்ளே மடித்திருந்த தாள்]

மேவிஸ் அத்தைக்கு நெவில் எழுதுவது. 1987 ஆகஸ்ட் 15 அன்று ஆலிஸ் சாலையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டி உங்கள் மகன் சில்வெஸ்டரைக் கொன்றவன் நான். அவன் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தான். மெதுவாகப் போடா என்று கண்ணாடியில் இரண்டு முறை தட்டினான். நான் கேட்கவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.


ஒன்பதாம் கிணறு
6 ஜூலை 1989

நெவிலுக்கு மாமன். எல்லோரும் சுகம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. பெட்டி வேலை. அதோடு பெட்டியின் மேல் மூடியைத் தூக்கும்போது பலகை நழுவித் தொடையில் விழுந்தது. அதில் இரண்டு ஆணி இருந்தது. அதனால் இரண்டு இடத்தில் காயம். பெரிதாக ஒன்றும் இல்லை. குப்புறப் படுத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் தாளை மேவிஸிடம் சேர்த்துவிட்டேன். வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

குழுவுக்கு வேண்டிய வார்த்தை கிடைத்துவிட்டது. வாரன், கடை மேனேஜர் முன்னால் கைநாட்டு வைத்தான். மேனேஜர் தபாலில் அனுப்பிவிட்டார். நெவில் வரலாம், அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றும் பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறது. நானே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

இனிமேல் கடிதத்துக்குள் தனித் தாள் வைக்காதே. எனக்கு மட்டும் எழுது.

க்ளாரி


டார்வின்
20 ஜூலை 1989

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். நலமாக இருக்கிறேன். நலத்துக்கு மேலேயே இருக்கிறேன். வாரனின் காகிதம் வந்து சேர்ந்தது. ஆபீசர் அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் கடிதத்தால்தான் நடந்தது என்கிறாள். நவம்பர் கடைசியில் வெளியே வருவேன்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. ஏப்ரலில் அப்படிப் பேசியவன் ஜூலையில் எப்படி மாறினான்? அத்தை சொல்லியிருப்பார்களா?

பெட்டியில் ஆணி ஒன்றுகூட இல்லை என்று என் மேல் சத்தியம் செய்திருந்தீர்கள். மூடியில் மட்டும் ஏன் இரண்டு ஆணி?

காயம் ஆறுகிறதா? உங்கள் கடிதம் மிகச் சின்னதாக இருந்தது. ஒரு பொய்கூட இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

நெவில்


ஆலிஸ்
24 ஆகஸ்ட் 1989

என் அருமை மருமகனுக்கு, ஆலிஸ் நகரத்திலிருந்து க்ளாரி மாமனின் ஆசி. கடிதத் தாளின் தலையில் ஆஸ்பத்திரி முத்திரை இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இந்த ஊரில் நல்ல தாள் இங்கேதான் கிடைக்கிறது.

நான் வந்தது பெட்டியின் முகத்துக்குத் துணி வாங்க. ஸ்பீக்கருக்கு முன்னால் கட்ட மெல்லிய கறுப்புத் துணி வேண்டும், காற்று போக வேண்டும், ஈ போகக் கூடாது. அப்படியே தொடையைக் காட்டினேன். அதைப் பார்க்க எட்டு டாக்டர் வந்தார்கள். ஒருவர் சிட்னியிலிருந்து விமானத்தில். இப்படிப்பட்ட தொடையை நாங்கள் பார்த்ததே இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சர்க்கரை இருப்பதால் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிறார்கள்.

பெட்டி முடிந்த மாதிரிதான். கசிவு பார்க்க டெனிஸ் மூச்சுக்குழாய் வழியாகப் புகையிலைப் புகையை உள்ளே ஊதினான். பின்மூலையில் நூல் மாதிரி வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் அரக்கு காய்ச்ச வேண்டும். வாரன் காய்ச்சுகிறேன் என்றான். ஆணி விஷயமாகக் கேட்டிருந்தாய். வயசாகிவிட்டால் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

நவம்பருக்கு நல்ல சட்டை வைத்துக்கொள்.

மாமன்


டார்வின்
17 செப்டம்பர் 1989

மாமா,

லயனல் இங்கே வந்துவிட்டான், கிழக்கு முகாம் லயனல். ஆறு மாதத் தண்டனை. தச்சுப் பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசை. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பலகை இழைத்துக்கொண்டிருக்கும்போது, "உன் மாமன் கால் எப்படிடா இருக்கு?" என்றான்.

"பலகை விழுந்துதாம். ஆறிக்கிட்டிருக்கு."

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். "பலகையா? யாரு சொன்னா? அந்தக் கெழவனா?"

அவன் சொன்னதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

"மேவிஸ் வீட்டு வாசல்ல ஒரு இருபது பேரு டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். உன் மாமன் வந்தாரு. என் மருமகன் எழுதியிருக்கான், நானே படிக்கறேன்னாரு. முன்னாடி ஒருதடவை மனசுக்குள்ள படிச்சுப் பார்க்கற ஆளா அவரு? வாத்தியார் மாதிரி நின்னுக்கிட்டு எழுத்துக் கூட்டினாரு. செத்தவன் பேரு வந்துச்சு. பேரோட முதல் துண்டைப் படிச்சாரு, ரெண்டாவது துண்டைப் படிச்சாரு, மூணாவதும் வாயை விட்டு வந்தப்புறம்தான் அது என்னன்னு அவருக்கே தெரிஞ்சுது. தாளைக் கீழ போட்டுட்டாரு. மேவிஸ் அப்படியே சாஞ்சுட்டா. பொம்பளைங்க கல்லை எடுத்துத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷமா மூடி வெச்சிருந்தது. அவன் அன்னிக்குத்தான் செத்த மாதிரி ஆயிடுச்சு.

"மறுநாள் காலையில வாரன் ஆளுங்களோட போனான். கூப்பிடவே இல்ல, உன் மாமனே சட்டையைக் கழட்டிட்டு வெளிய வந்தாரு. பேரை விட்டது என் வாய், வண்டி ஓட்டுனது என் மருமகன், ரெண்டையும் இந்தக் கால்லயே முடிச்சுக்குங்கன்னாரு. உனக்கு வயசாயிடுச்சு, சர்க்கரை வேற, நாங்க நெவிலுக்குக் காத்திருக்கோம்னு வாரன் சொன்னான். காத்திருக்க வேண்டாம்னாரு. வாரன் நம்ம முறைப்படி தொடையில ரெண்டு ஈட்டி போட்டான், கணக்கு தீர்ந்துச்சு. நர்ஸ் அழுதுகிட்டே கட்டுப் போட்டா. உன் மாமன் ஒரு வார்த்தை பேசல. அந்த மனுஷன் பேசாம இருந்ததை ஊரு அன்னிக்குத்தான் பார்த்துச்சு."

அந்தப் பேரை எழுதியது என் கை. வழக்கு நடந்தபோது நீதிபதி சொன்னார், வக்கீல் சொன்னார், போலீஸ் சொன்னது, இங்கே ஆபீசர் அம்மா சொன்னாள். எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கு அது கூசாமல் போய்விட்டது. நம் ஊரில் செத்தவன் பேர் வாயில் வரக் கூடாது என்பதே மறந்துவிட்டது.

ஓணானை முதலை என்று எழுதுகிறவர் நீங்கள். இதை ஏன் எனக்கு எழுதவில்லை?

நவம்பரில் நேரே வாரன் முன்னால் போய் நிற்பேன். என் காலைக் கொடுப்பேன்.

நெவில்


ஆலிஸ்
5 அக்டோபர் 1989

நெவிலுக்கு மாமன் எழுதுவது. உன் கோபம் சுகமாக இருப்பது தெரிகிறது. நானும் இருக்கிறேன்.

லயனல் பொய்யன். ஒன்பதாம் கிணற்றில் எனக்கு அடுத்த பொய்யன் அவன்தான் என்பது ஊருக்கே தெரியும். வாசலில் இருபது பேர் இல்லை, பதினேழு பேர்தான். மற்றதை நான் திருத்தப்போவதில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதினால் அங்கே உட்கார்ந்துகொண்டு நீ என்ன செய்வாய்? சுவரில் முட்டிக்கொள்வாய். யாரையாவது அடிப்பாய். நவம்பர் போய்விடும். அவ்வளவுதான் காரணம்.

இப்போது சொல்வதைக் கேள். நீ வாரன் முன்னால் காலை நீட்டக் கூடாது. நீட்டினால் என் கால் செல்லாது என்று ஊர் நடுவில் சொல்கிற மாதிரி. அவன் வாங்கவும் மாட்டான். இங்கே என்னைப் பார்க்க வந்திருந்தான். கட்டில் ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

"நெவில் வந்து கேப்பான்," என்றேன்.

"கேட்டா நான் எழுந்து போயிடுவேன்," என்றான். "எங்கிட்ட இனிமே ஈட்டி இல்ல."

நீ இரண்டு காலோடு ஊருக்குள் நடக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. உன் பங்கு அது. சின்னது என்று நினைக்காதே.

இன்னொன்று. என் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே. அதற்குப் பிறகு சிறுநீரகமும் கைவிட்டது. இங்கே ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வாரம் மூன்று நாள் அதில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஒன்பதாம் கிணற்றில் அது கிடையாது. எவ்வளவு நாள் என்று டாக்டரைக் கேட்டேன். உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றார். சின்ன வயசுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதனால் நீ வரும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். என் வீட்டுக் கதவு இழுத்தால் திறக்கும். கேத்தல் அடுப்புக்குப் பின்னால். முதலில் என் வீட்டுக்குப் போகாதே. மேவிஸ் முற்றத்துக்குப் போ. தூரத்தில் தலையைக் குனிந்து உட்கார். அவளாக வரும்வரை உட்கார். எத்தனை நாள் ஆனாலும்.

அந்தத் துணியை லாரியில் கொடுத்தனுப்பிவிட்டேன்.

க்ளாரி


ஒன்பதாம் கிணறு
15 டிசம்பர் 1989

அன்புள்ள மாமாவுக்கு, நெவில். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று லாரிக்காரர் சொன்னார். உங்களுக்கு உப்பு ஆகாதாம், அதனால் நான் அனுப்பவில்லை. மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இயந்திரம் மாட்டும் கை எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்ன மாதிரியே உட்கார்ந்தேன். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மேவிஸ் அத்தை வந்தார். என் தோளில் தலையை வைத்து ஓலமிட்டார். மற்றப் பெண்களும் வந்தார்கள். வெயில் சாயும் வரை அப்படியே இருந்தோம். வாரன் எதிரே உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டையும் பார்த்தான். பிறகு எழுந்து போய்விட்டான். நீங்கள் சின்னது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைக்கு நடக்கும்போதும் தண்ணீருக்கு நடக்கும்போதும் எல்லோருடைய கண்ணும் முதலில் என் காலுக்குத்தான் வருகிறது, அப்புறம்தான் முகத்துக்கு.

பெட்டி அத்தையின் முற்றத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கூட்டிய சாண்களால் எந்த வாசலிலும் நுழையவில்லை. தார்ப்பாய் போட்டு வெளியே வைத்திருக்கிறார்கள். வாரன்தான் லாரியிலிருந்து முதுகில் சுமந்து இறக்கினானாம். பின்மூலை அரக்கும் அவன் வேலை. சுத்தமாக இருக்கிறது. இத்தனை மாதம் அத்தை அதை யாரையும் தொடவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்து வந்தவர், தார்ப்பாயைத் தானே இழுத்துப் போட்டார். "டெனிஸ், கிட்டாரை அதுல மாட்டு," என்றார். டெனிஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினான், ஒயரை நான் சொருகினேன். அவன் கீழ்க் கம்பியை ஒரே ஒருமுறை தட்டினான். மாமா, அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை. பாதத்தில் வந்தது. பெட்டி மேல் இருந்த மணல் எல்லாம் எழுந்து நின்றது. நாய்கள் எழுந்து வேறு பக்கம் போயின. அத்தை தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். டெனிஸ் ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். வாய்ப்பாட்டு இல்லை, பேஸ் மட்டும். கை எடுக்கவே இல்லை அத்தை.

முடிந்த பிறகு என்னைக் கேட்டார்: "இதைச் செஞ்சவன் எங்கடா?"

எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியே இப்ப மாமா சொல்படிதான் அத்தை நடக்குது," என்றேன். "நாற்காலி தள்ள மூணு நர்சு. டாக்டருங்க மருந்து எழுதறதுக்கு முன்னாடி மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறாங்க. புதுக் கால் ஒண்ணு செய்யறாங்களாம், ஓடற குதிரையைப் பிடிக்கலாமாம். வியாழக்கிழமை விமானத்துல வர்றாரு."

"வியாழக்கிழமையா?"

"ஆமா."

நேற்று வியாழன். உங்கள் வீட்டுத் திண்டு வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விமான ஓடுபாதைக்குப் போனேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து வேலி ஓரம் நின்றிருந்தார், நல்ல பாவாடை கட்டிக்கொண்டு. விமானம் வந்தது. கடிதப் பை, மாவு மூட்டை, இரண்டு பேட்டரி, ஒரு புது டீச்சர். கதவை மூடினார்கள். புழுதி அடங்கும் வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமாடா?"

"ஆமா அத்தை. அந்த மூணு நர்சும் விட மாட்டேங்கறாங்களாம். அழறாங்களாம்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் ஒரு கையை அவர் பிடித்துக்கொண்டார், மறு கையை நான் பிடித்துக்கொண்டேன். தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

நெவில்